வாரத்துக்கு ஒரு குறை

சிதம்பரம் மேலவீதிப் பக்கம் இருக்கற அந்த பிரஸ்ல யாரு பத்திரிகை அடிக்கப் போனாலும் ராமாமிர்தத்தைத்தான் பாக்கணும். கம்ப்யூட்டர்ல டிசைன் போடறது அவருதான். "சிம்பிளா இருந்தா போதும் சார்"னு நீங்க சொல்லிட்டு வருவீங்க. மறுநாள் போயி பாத்தா மேல பிள்ளையாரு, ரெண்டு பக்கமும் வாழமரம், ஓரமெல்லாம் மயிலு, கீழ குத்துவெளக்கு, நடுவுல எங்கியோ ஒரு இடுக்குல மாப்ள பொண்ணு பேரு. "இதான் சிம்பிளா?"ன்னு கேட்டா, "யானை போடலியே சார்"ம்பாரு. அப்பிடி ஒரு மனுஷன். கோவமும் வராது, வருத்தமும் நிக்காது. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

சொந்த ஊரு குமராட்சிக்குத் தெக்க, கொள்ளிடக்கரை ஓரம். விவசாயக் குடும்பம். வருஷா வருஷம் தண்ணி வந்து நட்டதை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போறதைப் பாத்துட்டு, "நீயாவது காயுற எடமாப் பாத்து உக்காருடா"ன்னு அப்பா அனுப்பி வெச்சிட்டாரு. பொண்ணு எடுத்தது கடலூர் ஓ.டி.ல, அதாவது பழைய டவுன்ல. பேரு அமராவதி. அமராவதிக்கு ஒரே தம்பி, தங்கராசு. மாமனும் மச்சானுமா அவுங்க ரெண்டு பேரும் இருந்த இருப்பைப் பாத்து ஊரே கண்ணு வெச்சிது. தங்கராசு சிதம்பரம் வந்தா மாமன் சட்டையைத்தான் போட்டுக்குவான். அது அவனுக்கு முட்டி வரைக்கும் தொங்கும். அதுக்கென்ன, போட்டுக்குவான்.

எல்லாம் 2004-ல இலக்கியாவுக்குக் காது குத்தற வரைக்கும்தான்.

எங்க பக்கம் காது குத்துன்னா புள்ளையத் தாய்மாமன் மடியில உக்கார வெச்சித்தான் குத்தணும். தோடும் அவன்தான் கொண்டாரணும். மத்த மொறையில எல்லாம் முன்ன பின்ன இருந்தாலும் பொறுத்துக்குவாங்க. மடியில கை வெச்சா பொறுக்க மாட்டாங்க. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. குலதெய்வம் கோயில்ல சனம் கூடியாச்சு. பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்கு மேல ஆயிடுச்சு, தங்கராசைக் காணும். கடலூர்ல ஆசாரி தோட்டை முடிச்சுக் குடுக்காம இழுத்தடிச்சிருக்கான். அவன் அங்கியே நின்னு சண்டை போட்டு வாங்கிக்கிட்டு பஸ் ஏறியிருக்கான். இங்க அது யாருக்குத் தெரியும்? "நேரம் போவுதுப்பா, நேரம் போவுதுப்பா"ன்னு ஆளாளுக்கு ராமாமிர்தத்தைப் போட்டு உலுக்கறாங்க. மனுஷன் பதறிப்போயிட்டாரு. அமராவதியோட பெரியப்பா மவன் உத்திராபதி ஓரமா நின்னு பொங்கல் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். அவனைப் புடிச்சு உக்கார வெச்சி, மடியில புள்ளையப் போட்டு, கையில கெடைச்ச ஒரு தோட்டை வெச்சிக் குத்திட்டாங்க. புள்ள வீல்னு கத்துது, சீர்த்தட்டோட வேர்த்து விறுவிறுக்க வந்து நிக்கறான் தங்கராசு.

இருவது வயசுப் பையன். ரோஷம் மூக்கு நுனியில. தட்டை அக்கா கால்கிட்ட வெச்சான், திரும்பிப் பாக்காமப் போயிட்டான். அடுத்த வருஷமே மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிட்டான். ராமாமிர்தம் போன் போட்டா கொரலைக் கேட்டதும் வெச்சிடுவான். அக்காகிட்டயும் பேச்சு இல்ல. நடுவுல ரெண்டு தடவை லீவுல ஓ.டி.க்கு வந்திருக்கான். வந்தவன் சிதம்பரம் பக்கம் தலை வெச்சிப் படுக்கல. அம்மா இருசம்மாள் சொல்லிப் பாத்துச்சு, அழுது பாத்துச்சு, நடக்கல.

இப்ப பிளாக்கு விஷயத்துக்கு வர்றேன். 2007-ல தவணையில ஒரு பழைய கம்ப்யூட்டரு வாங்கி, நெட்டு இழுத்து, ராமாமிர்தம் ஒரு பிளாக்கு ஆரம்பிச்சாரு. பேரு 'கொள்ளிடக்காத்து'. வீராணம் ரொம்பினதை எழுதுவாரு. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ல கண்டக்டரு சில்லறை கேட்டதை எழுதுவாரு. ஆனித் தேரு எந்தத் தெரு மொனையில மக்கர் பண்ணிச்சு, அமராவதி வெச்ச மொச்சைக்கொட்டை கருவாட்டுக் கொழம்பு எப்பிடி இருந்துச்சு, எல்லாம் எழுதுவாரு. குத்தம் சொல்லக் கூடாது, நல்லாத்தான் எழுதினாரு. ஆனா படிக்கறதுக்கு ஆளு வேணுமே! ஈ காக்கா வரல.

வேற யாரா இருந்தாலும் எழுத்துல ஏதோ கொறைன்னு நெனைச்சிருப்பாங்க. இவரு டிசைன் போடற ஆளாச்சே. பச்சைக்கு மாத்தினாரு. ஆளு வரல. ஊதாவுக்கு மாத்தினாரு. தலைப்புல ஒரு படகு விட்டாரு. போகிக்குப் போகி வீட்டுக்கு வெள்ளை அடிக்கற மாதிரி பிளாக்குக்கும் ஒரு அடி அடிப்பாரு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு அடுப்பங்கரையிலேருந்தே சொல்லும் அமராவதி. அவரு காதுல போட்டுக்க மாட்டாரு.

2009 போகியில வெள்ளைப் பக்கம், கருப்பு எழுத்துன்னு மாத்தி, ஓரத்துல ஒரு சின்னப் பொட்டியை ஒட்டினாரு. யாரு எந்த ஊர்லேருந்து வந்து எவ்ளோ நேரம் பாக்கறாங்கன்னு அந்தப் பொட்டி காட்டும். ஒட்டின ஒரு மாசத்துல கவனிச்சாரு. வெள்ளிக்கிழமை ஆனா மஸ்கட். அடுத்த வெள்ளியும் மஸ்கட். அங்க வெள்ளிதான் லீவு நாளு. அரசியலு, பஸ்ஸுன்னு எழுதினா வந்த சுவடு தெரியாமப் போயிடும். வீட்டு விஷயம் எழுதினா இருவது நிமிஷம் நிக்கும். அந்த வருஷம் பங்குனிக் கடைசியில ஆம்பளப் புள்ள பொறந்து தில்லைநாதன்னு பேரு வெச்சப்ப, அந்தப் பதிவுல ஒரு மணி நேரம் நின்னுச்சு மஸ்கட்.

இருந்தாலும் சந்தேகம். மஸ்கட்ல நம்மூரு ஆளுங்க ஜாஸ்தி, எவன்னு கண்டது? ஒரு வெள்ளிக்கிழமை "சின்னவனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், பாலு குடிக்க மாட்டேங்கறான்"னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தாரு. அன்னிக்கே இருசம்மாள் கடலூர்லேருந்து போன் பண்ணுது: "புள்ளைக்குக் காய்ச்சல் வுட்டுச்சா?" இவுங்க யாரும் அதுகிட்ட சொல்லவே இல்ல. "ஒனக்கு யாரும்மா சொன்னது?"ன்னு அமராவதி கேக்க, "யாரோ சொன்னாங்க"ன்னு இழுத்துச்சு. போனை வெச்சிட்டு அமராவதி புருஷனைப் பாத்துச்சு. அவரு பொட்டியைப் பாத்தாரு. மஸ்கட்.

அதுக்கப்புறம் டிசைன்ல கை வெக்கல. ரெண்டு போகி சும்மாவே போச்சு. வர்றது ஒரே ஒருத்தன், அவனுக்கு வழி மாறிடக் கூடாதுன்னு ஒரு பயம். வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுலேருந்து சாப்பாட்டுக்கு வந்து பொட்டியைப் பாத்துட்டுத்தான் எலையில உக்காருவாரு.

"வந்தானா?"ன்னு கேக்கும் அமராவதி.

"வந்தான்."

"எவ்ளோ நேரம்?"

"கால்மணி நேரம் இருக்கும்."

"சாப்ட்டானாமா?"

"அது எப்பிடிடி பொட்டியில தெரியும்?"

"தெரியாதா, சரி"ன்னுட்டு ரசம் ஊத்தும்.

"தங்கராசு, வந்துடுடா"ன்னு நேரா எழுதிட வேண்டியதுதானேன்னு நீங்க கேக்கலாம். எழுதினா, 'ஓகோ, நான் வர்றதை எட்டிப் பாக்கறீங்களா'ன்னு ரோஷத்துல அந்த ஒரு நாளும் நின்னுட்டான்னா? அதனால சின்னவன் நடந்ததை எழுதினாரு, பல்லு மொளைச்சதை எழுதினாரு, இலக்கியா கணக்குல கோட்டை விட்டதை எழுதினாரு. பேரை மட்டும் எழுதல.

இதுல ஒரு சிக்கல் வளந்துக்கிட்டே வந்துச்சு. சின்னவனுக்கு மொட்டை அடிச்சிக் காது குத்தணும். ஒத்தைப்படை வயசுலதான் குத்துவாங்க. மொத வருஷம் குத்தல. மூணாவது வருஷம் இந்தப் பங்குனியோட முடியப்போவுது. பாக்கறவன் எல்லாம் "ஏன் இன்னும் குத்தல?"ன்னு கேக்கறான். வேற யாரையாவது உக்கார வெச்சிடலாம்னு பங்காளிங்க சொன்னாங்க. அமராவதி ஒரே பேச்சா சொல்லிடுச்சு: "என் தம்பி மடி இல்லாம என் புள்ள காதுல ஊசி படக் கூடாது. ஒரு தடவை பட்டது போதும்."

அப்பதான் 2011 கடைசியில தானே புயல் வந்து கடலூரைப் போட்டுப் பொரட்டிச்சு. போன் இல்ல, கரண்ட் இல்ல. ராமாமிர்தம் மறுநாளே வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. ஆலப்பாக்கம் தாண்டி ரோடு பூரா மரம். வண்டியைப் பாதி தூரம் ஓட்டினாரு, பாதி தூரம் தள்ளினாரு. ஓ.டி.ல மாமியாரு நல்லா இருந்துச்சு. மேல ஓடு மட்டும் பாதி பறந்துடுச்சு. ரெண்டு நாளு அங்கியே தங்கி ஆளைப் புடிச்சு ஓடு மாத்திக் குடுத்துட்டு, மாமியாரை வாசல்ல உக்கார வெச்சி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்தாரு. வந்ததும் கரண்ட் இருந்த எடமாத் தேடிப் போயி பதிவைப் போட்டாரு: "ஓ.டி.ல எல்லாரும் நல்லா இருக்காங்க." அன்னிக்குப் பொட்டியில மஸ்கட், மஸ்கட், மஸ்கட். வேலை நாளுன்னும் பாக்காம விடிஞ்சதுலேருந்து பொழுது போற வரைக்கும் அதேதான்.

மனுஷனுக்கு ஒரு நம்பிக்கை வந்துடுச்சு. கல்லு கரையுதுடா, இதான் நேரம். இப்ப ஒரு தூக்கு தூக்கினா வந்துடுவான். எதால தூக்கறது? அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பிரஸ் முதலாளி கலியமூர்த்தி அடிக்கடி சொல்லுவாரு, "கார்டு லட்சணமா இருந்தா வராதவனும் வந்துடுவான்யா"ன்னு. அதை இவரு வேதமா எடுத்துக்கிட்டாரு. வார்த்தையால அழைக்காட்டிப் போவுது, பிளாக்கைப் பாத்த ஒடனே விசேஷ வீட்டுக்குள்ள வந்த மாதிரி அவனுக்கு இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு.

போகி அன்னிக்குக் காலையில அமராவதி தெருவுல கிழிஞ்ச பாயைப் போட்டுக் கொளுத்துது. உள்ள இவரு உக்காந்து பிளாக்கைக் கொளுத்தறாரு. மெரூன் கலரு. அதுமேல தங்க எழுத்து. தலைப்புல ஒரு முழப் பிள்ளையாரு. ரெண்டு பக்கமும் வாழமரம் கொலையோட. மவுஸை எங்க நகத்தினாலும் மேலேருந்து பூ கொட்டும். பக்கம் தொறந்த ஒடனே கெட்டிமேளத்தோட நாயனம் ஊதும். அன்னிக்கு யானையும் போட்டுட்டாரு, ரெண்டு. பழைய டிசைனை ஒரு ஓரமா எடுத்து வெச்சிருக்கலாமில்ல? மாட்டாரு. போகி அன்னிக்குப் பழசை வீட்டுல வெச்சா தரித்திரம்னு அழிச்சிட்டாரு. கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா போகி!

அமராவதி கை தொடைச்சிக்கிட்டு வந்து பாத்துச்சு. "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குங்க"ன்னுச்சு. அவரு அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து பாத்தாரு. பொட்டியவே காணும். புது டிசைன் போட்டா ஓரத்துல ஒட்டினதெல்லாம் போயிடும்னு அவருக்குத் தெரியும். ஆனா தெரியறது வேற, போகி குஷியில ஞாபகம் வர்றது வேற. அய்யய்யோன்னு தலையில அடிச்சிக்கிட்டு அன்னிக்கே தேடிப் புடிச்சு திரும்ப ஒட்டினாரு. வந்தானா வரலியான்னு அந்த வாரம் தெரியாமப் போச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டி இருந்துச்சு. மஸ்கட் இல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்த இலக்கியாவை, பிரஸ்ஸுலேருந்து போன் மேல போன் போட்டுப் பாக்கச் சொன்னாரு. "இல்லப்பா, இல்லப்பா"ன்னுது பொண்ணு. வீட்டுக்கு வந்தா அமராவதி "வந்தானா?"ன்னு கேக்கவே இல்ல. அதுதான் அவருக்குத் தாங்கல. சாம்பார்ல உப்பு இல்ல. அவரும் கேக்காம சாப்பிட்டாரு. மூணு வருஷமா வாரா வாரம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போன புள்ளையை வாழமரம் கட்டி வெரட்டிட்டோமேன்னு தனக்குள்ளயே பொலம்பிக்கிட்டாரு. பிள்ளையாரு புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்ச கதை. பழசுக்குப் போயிடலாம்னா பழசு எங்க இருக்கு?

மூணாவது வெள்ளிக்கிழமை. பொட்டியில மஸ்கட் இருந்துச்சு. அதை விட, பதிவுக்குக் கீழ ஒரு பின்னூட்டம் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல வெளியூர்லேருந்து வந்த மொதப் பின்னூட்டம். பேரு போடற எடத்துல 'பெயரில்லா'ன்னு இருந்துச்சு. ராமாமிர்தம் படிச்சாரு.

"ரெண்டு வாரம் முன்ன ரூம்ல தொறந்தேன். லீவு நாளு, எல்லாரும் தூங்கறானுங்க. நாயனம் ஊத ஆரம்பிச்சிடுச்சு. எதை அமுத்தினாலும் நிக்கல. பக்கத்துக் கட்டில்காரன் செருப்பைத் தூக்கிட்டான். இப்ப காசு குடுத்து நெட்டுக் கடையில வந்து பாக்க வேண்டியிருக்கு. மெரூன் மேல தங்கக் கலர்ல எழுதினா எவன் கண்ணுக்குத் தெரியும்? பிள்ளையாரைத் தாண்டிக் கீழ வர்றதுக்குள்ள விரலு தேயுது. பூ வேற கொட்டிக்கிட்டே இருக்கு, கூட்டறது யாரு? பழைய போட்டோவெல்லாம் எங்க போச்சு? இது என்ன பிளாக்கா, சத்திரமா? வெள்ளையில கருப்பா இருந்தப்ப என்ன கொறைச்சலா இருந்துச்சு?"

"அமரா! அமரா! திட்டிட்டான்டி!"ன்னு கத்தினாரு ராமாமிர்தம்.

அமராவதி அரிசி கழுவின கையோட ஓடியாந்துச்சு. "யாரு? யாரைத் திட்டினாங்க?"

"ஒன் தம்பிதான்! என்னைத்தான்! கண்டபடி திட்டிட்டான்!"

படிக்கச் சொல்லி நின்னுக்கிட்டே கேட்டுச்சு. திரும்பப் படிக்கச் சொல்லி உக்காந்து கேட்டுச்சு. "கூட்டறது யாருன்னா கேட்டிருக்கான்?"ன்னு சிரிச்சுது. சிரிக்கும்போதே கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டுது. "அவன்தாங்க. சின்ன வயசுலயும் எதையாவது பிரிச்சிப் போட்டா இப்பிடித்தான் கேப்பான்."

"பேரு போடலியே. வேற யாராவது இருந்தா?"

"வேத்து மனுஷன்னா 'அருமை, வாழ்த்துகள்'னு போட்டுட்டுப் போவான். எவன் இவ்ளோ மெனக்கெட்டுத் திட்டுவான்? உரிமை இருக்கறவன்தான் திட்டுவான்."

அதுவும் சரிதான்னு பட்டுது. அவன் சொன்ன கொறை எல்லாத்தையும் அப்பவே சரி பண்ணிடலாம்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. நாயனத்தை நிறுத்தினாரு. அடுத்து பூவை நிறுத்தப் போனவரு கையை எடுத்துட்டாரு. எல்லாத்தையும் இன்னிக்கே சரி பண்ணிட்டா அடுத்த வெள்ளிக்கிழமை அவன் என்ன பண்ணுவான்? வருவான், திருப்தியா பாப்பான், வாயைத் தொறக்காமப் போயிடுவான். பழைய குருடி கதவைத் தெறடின்னு ஆயிடும். அதனால பின்னூட்டத்துக்குக் கீழ, "நாயனம் நின்றுவிட்டது. மற்ற வேலைகள் நடைபெறுகின்றன"ன்னு அரசாங்க போர்டு மாதிரி ஒரு வரி எழுதிட்டு எழுந்துட்டாரு.

அடுத்த வெள்ளி: "நாயனம் சரி. பூ?"

பூவை நிறுத்தினாரு.

அதுக்கடுத்த வெள்ளி: "பூ நின்னுச்சு. பிள்ளையாரு சாமிதான், இல்லங்கல. அதுக்காக இவ்ளோ பெருசா? யானைங்க வேற என்னத்துக்கு, காட்டுலயா இருக்கோம்?"

பிள்ளையாரை உள்ளங்கை அளவுக்குக் கொறைச்சாரு. யானைங்களை வாழமரத்தோட அனுப்பி வெச்சாரு.

இலக்கியா பதினோரு வயசு, வெவரமான பொண்ணு. "அப்பா, இதெல்லாம் பத்து நிமிஷத்து வேலைப்பா. ஒரேயடியா மாத்திட வேண்டியதுதானே?"ன்னுச்சு. "சும்மா இரு. நல்ல வேலைன்னா நிதானமாத்தான் நடக்கும்"னாரு. ஒரு பத்திரிகையை அரை நாள்ல முடிக்கற ஆளு பேசற பேச்சா இது!

வீட்டுல பண்டிகை வந்த மாதிரி ஆயிடுச்சு. வியாழக்கிழமையே அமராவதிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணு பேரும் சின்னவனோட சேந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்குவாங்க. தங்கராசு எழுதற ஒரு வரியும் ரெண்டு வரியும்தான் அந்த வாரத்துப் பேச்சு. எழுத்துக் கலரை மாத்தி, பக்கத்தை வெள்ளையாக்கி, பழைய போட்டோவெல்லாம் தேடிப் புடிச்சுக் கோத்து முடிக்கறதுக்குள்ள மாசி முடிஞ்சிடுச்சு. அந்த வெள்ளிக்கிழமை அவன் எழுதினது ரெண்டே வார்த்தை: "இப்ப சரி."

அதுக்குக் கீழ வேற ஏதாவது இருக்கான்னு ராமாமிர்தம் பக்கத்தை இழுத்து இழுத்துப் பாத்தாரு.

ரெண்டு நாளு கழிச்சு அமராவதி தற்செயலா கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "ஏங்க, நேத்து வரைக்கும் கருப்பா இருந்துச்சே, இன்னிக்கி மஞ்சளா இருக்கு? படிக்கவே முடியலியே"ன்னுச்சு.

அவரு பேப்பரை விரிச்சி மூஞ்சிய மறைச்சிக்கிட்டாரு.

"ஒங்களைத்தான் கேக்கறேன்."

"கொறை தீந்துபோச்சுடி"ன்னாரு பேப்பருக்குப் பின்னாலேருந்து. "கொறை இல்லன்னா அவன் என்னத்தை எழுதுவான்?"

அமராவதி அந்த மனுஷனை அன்னிக்குத்தான் புதுசா பாக்கற மாதிரி பாத்துச்சு. கிட்ட வந்து திரையில ஒரு விரலை வெச்சி, "இங்க பாதி தெரியுது. இன்னும் கொஞ்சம் மஞ்சளாக்குங்க"ன்னுச்சு.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. பின்னூட்டமும் வந்துச்சு. "மாமா, போன வாரம் சரியா இருந்த எழுத்தை எதுக்கு மஞ்சளாக்கினீங்க? வேணும்னே பண்றீங்க. எனக்குத் தெரியாதா ஒங்களை? கருப்புக்கு மாத்துங்க. நான் எங்கியும் போயிடல. அப்பறம் ஒண்ணு. சின்னவன் போட்டோ பாத்தேன். முடி கழுத்துல வுழுதே, ஏன் இன்னும் எறக்கல?"

ராமாமிர்தத்துக்கு மொத வார்த்தையைத் தாண்டி அடுத்ததுக்குப் போக முடியல. எட்டு வருஷம் ஆச்சு அந்த வார்த்தை காதுல விழுந்து. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. மறுபடியும் கழட்டித் தொடைச்சாரு. எழுத்தைக் கருப்பாக்கிட்டு, முடி ஏன் எறக்கலன்னு பதில் எழுத உக்காந்தாரு. என்ன எழுதினாலும் அழிக்கறாரு. மன்னிப்புன்னு எழுதினா கோர்ட்டு மாதிரி இருக்கு. வாடான்னு எழுதினா அதட்டற மாதிரி இருக்கு.

"பதில் எழுதாதீங்க"ன்னுச்சு அமராவதி. "பத்திரிகை அடிங்க. தாய்மாமனைப் பேச்சுல கூப்பிடறதா? பத்திரிகை வெச்சித்தான் கூப்பிடணும். நேர்ல போயி தட்டுல வெக்க வழியில்ல. அவன் வந்து பாக்கற எடத்துலயே வெப்போம்."

அடிச்சாரு. பங்குனியில ஒரு வெள்ளிக்கிழமை, குலதெய்வம் கோயில்ல, தில்லைநாதனுக்கு முடியிறக்கிக் காதணி விழா. அமராவதி பின்னாலயே நின்னதால வாழமரம் கூட வெக்கல. கீழ 'தாய்மாமன்'னு போட்டு, பக்கத்துல பேரு வர்ற எடத்தைச் சும்மா விட்டாரு. அதைப் படமா பிளாக்குல ஏத்தினாரு. மேலயும் ஒண்ணும் எழுதல, கீழயும் ஒண்ணும் எழுதல. ஏத்தின பெறகுதான் பயம் புடிச்சிக்கிச்சு. அவனைக் கேக்காமப் பேரைப் போட்டா தப்பு, போடாம விட்டாலும் குத்தமா எடுத்துக்குவானோ? இத்தனை வாரம் சேத்தது எல்லாம் இந்த ஒரு காயிதத்துல போயிடுமோ? அமராவதி சாமி படத்துக்கு முன்னாடி போயி நின்னுக்கிச்சு.

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியில்லாமப் போச்சு. திங்கக்கிழமை காலையில ராமாமிர்தம் பிரஸ்ஸுக்குக் கெளம்பற நேரம், இலக்கியா "அப்பா!"ன்னு ஒரு சத்தம் போட்டுது. செருப்பைக் கூடக் கழட்டாம உள்ள ஓடினாரு.

"தேதி தப்பு. அந்த வாரம் எனக்கு லீவு கெடையாது, அடுத்த வெள்ளிக்கு மாத்துங்க. கடுக்கன் நான் எடுத்தாறேன். பஸ்ஸு லேட்டானாலும் சரி, பிளைட்டு லேட்டானாலும் சரி, நான் வந்து உக்கார்ற வரைக்கும் புள்ளையை எவன் மடியிலயும் வெக்காதீங்க. தங்கராசு."

பேரு போட்டிருந்துச்சு. 'பெயரில்லா' இல்ல.

அமராவதி படிச்சுது. கடைசி வரியை வாய்விட்டு இன்னொரு தடவை படிச்சுது. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு சின்னவனைத் தூக்கி இடுப்புல வெச்சிக்கிட்டுது. அவன் ஒண்ணும் புரியாம அம்மா மூக்குத்தியைப் புடிச்சி இழுக்கறான்.

ராமாமிர்தம் பத்திரிகையைத் தொறந்து, காலியா விட்ட எடத்துல மச்சான் பேரை அடிச்சாரு. தேதியை மாத்தறதுக்காகச் செவுத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்தவரு அப்பிடியே நின்னுட்டாரு.

"அமரா, அவன் சொல்ற வெள்ளிக்கிழமை அஷ்டமிடி."

"இருந்துட்டுப் போவுது. மாத்துங்க"ன்னுச்சு அமராவதி.

மாத்தினாரு.